தேடிய தடத்துக்கு மதிப்பெண்: கல்லூரியில் தகவல் அறிதிறன் கற்பிக்க வரும் புதியவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் நூலகராகவோ உதவிப் பேராசிரியராகவோ, கௌரவ விரிவுரையாளராகவோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். "ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்களுக்கு இன்ஃபர்மேஷன் லிட்டரசி பத்தி ஒரு புரோகிராம் போட்டுடுங்க" என்று முதல்வர் அறையிலிருந்து சொல்லி அனுப்பியிருப்பார்கள். வழக்கமாக நடப்பது நமக்குத் தெரியும். கருத்தரங்கக் கூடத்தில் நூற்றைம்பது பேரை உட்கார வைத்து ஸ்லைடு ஓட்டுவார்கள். ரெஃபரன்ஸ் பகுதி எங்கே, பையை எங்கே வைப்பது, ஓபேக் என்ற கணினிப் பட்டியலில் எப்படித் தேடுவது, தாமதமானால் அபராதம் எவ்வளவு. கடைசியில் பத்துக் கேள்வியுள்ள ஒரு கூகுள் ஃபார்ம், நிரப்பினால் மின்சான்றிதழ். புகைப்படம், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புக்குள் போய்விடும்.

அது நூலக அறிமுகம். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தகவல் அறிதிறன் அந்த ஒரு மணி நேரத்தில் வராது, அந்தப் பத்துக் கேள்வியில் அளவிடவும் முடியாது. ஒரு கேள்விக்கு என்ன தகவல் வேண்டும் என்று உணர்வது, அதைத் தேடி எடுப்பது, நம்பலாமா என்று எடைபோடுவது, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிப் பயன்படுத்துவது: இந்த நான்கும் கைப்பழக்கம். கைப்பழக்கத்தை அளக்க வேண்டுமானால் கை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் படிகளும் அதற்குத்தான்.

கொள்கை பற்றி ஒரு பத்தி போதும். தகவல் அறிதிறன் (இன்ஃபர்மேஷன் லிட்டரசி) என்ற சொல்லை 1974-இல் முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பால் சுர்கோவ்ஸ்கி. ஏசிஆர்எல் என்ற அமெரிக்கக் கல்லூரி நூலகங்களின் சங்கம் 2000-இல் ஐந்து தரநிலைகளை வகுத்தது. 2016-இல் அவற்றைக் கைவிட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டையும் ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். பழையதில் 'மாணவர் இதைச் செய்வார்' என்ற பட்டியல் இருக்கிறது, மதிப்பெண் திட்டம் எழுத அது உதவும். புதியது சிந்திக்க நல்லது, நேராக மதிப்பெண்ணாக மாற்றுவது கடினம்.

1. ஒரு பாடம், ஒரு அசைன்மெண்ட்

எல்லாத் துறைக்கும் பொதுவாக வகுப்பு எடுக்காதீர்கள். கேள்வி இல்லாதவருக்குத் தேட ஒன்றும் இருக்காது, கேள்வியோ பாடத்திலிருந்துதான் வரும். ஏதாவது ஒரு துறையில் ஏற்கெனவே கொடுத்துவரும் அசைன்மெண்டுக்குள் நுழைந்துகொள்ளுங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள நம் கல்லூரிகளில் பெரும்பாலான எழுத்துத் தாள்களுக்கு இன்டெர்னல் 25 மதிப்பெண், அதில் அசைன்மெண்டுக்கு ஐந்தோ பத்தோ. சொற்பம்தான். ஆனால் மதிப்பெண் என்று ஒன்று இருந்தால்தான் பிள்ளைகள் உட்காருவார்கள்.

நீங்கள் நூலகராக இருந்தால் துறைத்தலைவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மேடம், செகண்ட் இயருக்கு நீங்க குடுக்கிற அசைன்மெண்ட்ல ஒரு தலைப்ப மட்டும் நான் மாத்தித் தரட்டுமா? திருத்தறதுல பாதிய நானே பாத்துக்கிறேன்." இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் முதல் வாக்கியம் வேலை செய்யாது.

இரண்டு பீரியடுக்குள் முடியும்படி திட்டமிடுங்கள். வகுப்பு முடிந்து நிறுத்தி வைத்தால் அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை போகிற பிள்ளைகளுக்கு பஸ் போய்விடும். கம்ப்யூட்டர் லேப் கிடைக்கும் என்று நம்பவும் வேண்டாம். நால்வருக்கு ஒரு போனில் டேட்டா இருந்தால் போதும் என்ற கணக்கில் பயிற்சியை அமையுங்கள்.

2. முதல் கால் மணி நேரம்: ஒரு ஃபார்வர்டு

"இணையத்தில் தேடத் தெரியுமா?" என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். அதில் உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. அதற்குப் பதில் ஒரு போலிச் செய்தியை நீங்களே தயாரித்துத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள்: 'புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 இனி ரூ.3,000. இன்றே கடைசி நாள். கீழே உள்ள இணைப்பைத் தொடவும்.' மேலே அரசு முத்திரை போல ஒன்று, கீழே ஏதோ ஒரு முகவரி. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். மதியத்துக்குள் அது பக்கத்துக் கல்லூரிக்குப் போயிருக்கும்.

கேள்வி இரண்டு. இதை உங்கள் தோழிக்கு அனுப்புவீர்களா? அந்த முடிவுக்கு வர எதைப் பார்த்தீர்கள்? ஐந்து நிமிடத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். முதல் கேள்விக்கான பதில் முக்கியமில்லை, இரண்டாவதைப் படியுங்கள். 'முத்திரை இருந்தது', 'எழுத்துப்பிழை இருந்தது', 'வேறு இடத்தில் தேடிப் பார்த்தேன்' என்று மூன்று குவியலாகப் பிரியும். முதல் இரண்டும் தாளையே முறைத்துப் பார்த்து எழுதியவை. மூன்றாவது குவியல்தான் உங்களுக்கு வேண்டியது. அது எவ்வளவு சிறியது என்பதே உங்கள் தொடக்க அளவீடு. தாள்களைப் பத்திரமாக வையுங்கள், பருவ முடிவில் தேவைப்படும்.

அதே சூட்டோடு முகவரியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். தமிழ்நாடு அரசுத் தளமென்றால் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் பெயர் 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். போலித் தளங்கள் அந்த எழுத்துகளை முகவரியின் தொடக்கத்திலோ நடுவிலோ செருகி, வேறெதிலோ முடித்திருக்கும்.

3. கேள்வியைச் செதுக்குவது

பாதி வேலை இங்கேதான். 'நிலத்தடி நீர் மாசு பற்றிக் கட்டுரை வரைக' என்று கொடுத்தால் விக்கிப்பீடியாவின் முதல் மூன்று பத்திகள் திரும்பி வரும். நம் மாவட்டம் நமக்குத் தந்திருக்கும் ஒரு நல்ல கேள்வியைச் சொல்கிறேன்.

'2001-க்கும் 2011-க்கும் இடையில் தர்மபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு மாறியது?'

பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மாணவர்கள் இரண்டு எண்களை எடுத்து வருவார்கள். 2001 கணக்கெடுப்பு: 28,56,300. 2011: 15,06,843. கழித்து வகுத்தால் 47 விழுக்காடு குறைவு! சிலர் இதோடு நிறுத்தாமல் 'பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதால்' என்று காரணமும் எழுதுவார்கள். எழுதவிடுங்கள். பிறகு கேளுங்கள்: "பத்து வருஷத்துல ஊர்ல பாதிப் பேர் காணாமப் போயிருந்தா, உங்க தெருவுல தெரிஞ்சிருக்குமே தம்பி?"

2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2001-இன் எண் பிரியாத தர்மபுரிக்கு உரியது, 2011-இன் எண் பிரிந்த பிறகு எஞ்சிய பகுதிக்கு உரியது. இன்றைய எல்லைக்குள் வரும் பகுதியில் 2001-இல் இருந்தவர்கள் 12,95,182 பேர், கிருஷ்ணகிரிப் பகுதியில் 15,61,118 பேர். அப்படிப் பார்த்தால் தர்மபுரியின் மக்கள்தொகை 16.34 விழுக்காடு கூடியிருக்கிறது. மாணவர் எடுத்த இரண்டு எண்களும் அரசு வெளியிட்டவை, இரண்டும் சரியானவை. ஒப்பிட்டதுதான் தவறு.

அரசுத் தளத்தில் இருந்தால் சரி என்று நம்பி வந்த வகுப்புக்கு இந்த ஒரு கணக்கு போதும். 'இந்த எண் எந்த எல்லைக்கு, எந்த ஆண்டுக்கு, யார் எண்ணியது?' என்று அடுத்த முறை அவர்களே கேட்பார்கள். நல்ல கேள்விக்கு இலக்கணமும் இதிலேயே கிடைக்கிறது. முதல் விடை எளிதில் கிடைக்க வேண்டும், அது தவறாகவோ அரைகுறையாகவோ இருக்க வேண்டும், சரியான விடைக்கு இரண்டாவது ஆதாரம் வேண்டியிருக்க வேண்டும்.

4. தேடும் சொற்கள்

தேடுபொறி நுணுக்கங்களைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்: முழுத் தொடரையும் மேற்கோள் குறிக்குள் போடுவது, வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி, 'சைட்' என்று தட்டி முக்காற்புள்ளி வைத்து ஒரு தளத்துக்குள் மட்டும் தேடுவது, கோப்பு வகையைப் பிடிஎஃப் என்று கட்டுப்படுத்துவது. வெளிநாட்டுக் கையேடுகள் இதோடு முடித்துவிடும். நமக்கு வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

நம் ஊர்ப் பெயரே ஒரு வடிவத்தில் இல்லை. தர்மபுரி, தருமபுரி. கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி. ஒகேனக்கல், ஒகனேக்கல், ஹொகேனக்கல். ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டு. நிலத்தடி நீர் மாசு பற்றித் தேடினால் வரும் ஃபுளூரைடை ஃப்ளோரைடு என்பார்கள், புளோரைடு என்பார்கள். காலத்தில் பின்னால் போனால் பெயரே மாறிவிடும். 1965 அக்டோபர் 2 வரை இந்த நிலம் முழுவதும் சேலம் மாவட்டம், அதற்கும் முன் ஆங்கிலேயர் ஆவணங்களில் இதில் பெரும்பகுதி பாரமகால். 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கெசட்டியரில் ஓசூரும் இருக்கும் அரூரும் இருக்கும், 'தர்மபுரி மாவட்டம்' இருக்காது. ஆகவே தேடப் போகும் முன் தாளில் ஒரு சொல் பட்டியல் எழுத வையுங்கள். ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் தமிழ் வடிவங்கள், ஆங்கில வடிவங்கள், பழைய பெயர். கறாராகச் சொல்லுங்கள்: பட்டியல் எழுதாதவர் போனைத் தொடக்கூடாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வகுப்புகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய. காவிரி, ஒகேனக்கல் போன்ற தலைப்புகளில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கும்படி பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே செய்தி எப்படி எழுதப்படுகிறது என்று அவர் வாசித்துச் சொன்னால், 'சார்பு' என்ற சொல்லைத் தனியாக விளக்க வேண்டிய வேலை உங்களுக்கு இருக்காது.

5. நம்பலாமா?

காலம், பொருத்தம், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம் என்ற ஐந்து அம்சச் சோதனை ஒன்று 2004-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவாகி உலகமெல்லாம் பரவியது. நம் ஊர்ப் பயிலரங்குகளிலும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அலமாரியில் உள்ள புத்தகத்துக்கு அது பரவாயில்லை. இணையத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். நேர்த்தியாகச் செய்த போலித் தளம் ஐந்திலும் டிக் வாங்கிவிடும், ஏனென்றால் எல்லாக் கேள்விகளுக்கும் அந்தத் தளமே பதில் சொல்கிறது.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேர் இணையத்தில் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்து எழுதினார்கள். 10 பேர் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள், 10 பேர் தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள், 25 பேர் இளங்கலை மாணவர்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்தார்கள், சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாறவும் செய்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள். கலியாணத்துக்கு வரன் பார்க்கும்போது பையனிடமே அவன் குணம் கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அது போல. வகுப்பில் இதைச் சட்டமாகவே வையுங்கள்: புதிய தளம் என்றால் முதல் நிமிடம் அதைப் படிக்கக் கூடாது, அதைப் பற்றி வெளியே தேட வேண்டும்.

வேதியியல், புவியியல், தாவரவியல் வகுப்புக்கு ஒரு கிட்டத்துப் பயிற்சி. ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் ஃபுளூரைடு. ஒரு அறிக்கை 'வரம்பை மீறியது' என்கிறது, இன்னொன்று 'வரம்புக்குள்' என்கிறது. இரண்டும் ஒரே இந்தியத் தர நிர்ணயத்தை, ஐஎஸ் 10500-ஐ மேற்கோள் காட்டுகின்றன. யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. அந்தத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் அளவு 1.5. மூல ஆவணத்தைத் திறந்த குழுவுக்கு மட்டும்தான் இது தெரியவரும். மற்றவர்கள் எந்தத் தளம் அழகாக இருக்கிறது என்று விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

கூடவே ஆண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆய்வொன்றின் ஆழ்துளைக் கிணற்று அளவை வைத்து 'இன்று தர்மபுரி மக்கள் இதைத்தான் குடிக்கிறார்கள்' என்று எழுதினால், ஆதாரம் நல்லது, பயன்படுத்தியது பிழை.

6. எங்கே தேடலாம்

சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் வழியாகக் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் கிடைக்கின்றன, ஆனால் கல்லூரி வழியாகப் பெயர் பதிந்தால்தான் மாணவருக்குக் கடவுச்சொல் வரும். உங்கள் கல்லூரியில் அது ஆசிரியர்களோடு நின்றிருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றியும் கேளுங்கள். 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு அதில் வருகின்றன. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, எவரும் திறக்கலாம். பழைய தமிழ் நூல், இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். புத்தகம் வேண்டுமானால் எழுந்து அலமாரிக்குப் போகச் சொல்லுங்கள். தமிழ் இலக்கியம் டூவி நூல் வகைப்பாட்டில் 894.811 என்ற எண்ணில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு எந்த ஊர் நூலகமும் பாதி பழகியதுதான்.

7. காப்பியும் ஏஐயும்

"10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் யுஜிசி விதிப்படி நடவடிக்கை" என்று இளங்கலை மாணவர்களை மிரட்டுவதைப் பல இடங்களில் கேட்கலாம். 2018-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறையை எடுத்துப் படித்துப் பாருங்கள். 10, 40, 60 விழுக்காடு என்ற படிநிலைகள் ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, நூல் போன்றவற்றுக்கு. அசைன்மெண்ட், புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் எல்லாவற்றையும் அந்த விதி வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. முறையாக மேற்கோள் காட்டியதும், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை வரும் பொதுவான ஒற்றுமையும்கூடக் கணக்கில் சேராது. தகவல் அறிதிறன் சொல்லித்தரும் நாமே ஆவணத்தைப் படிக்காமல் ஃபார்வர்டு செய்யக் கூடாது அல்லவா? அசைன்மெண்டில் காப்பியைத் தடுப்பது உங்கள் கேள்வியும் உங்கள் மதிப்பெண் திட்டமும்தான்.

ஏஐ கருவிகளைத் தடைசெய்து பயனில்லை, பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. பயிற்சிப் பொருளாக்கிக்கொள்ளுங்கள். 'தர்மபுரி நடுகற்கள் பற்றி பத்து ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் தா' என்று ஒரு கருவியிடம் கேட்டு வாங்கி, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். கட்டுரை உண்மையில் இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா, சொன்ன இதழில் சொன்ன ஆண்டில் வந்ததா என்று தேடி, கிடைத்த பக்கத்தைக் காட்ட வேண்டும். இல்லாத கட்டுரைக்கு இருக்கிற பேராசிரியரின் பெயர் ஒட்டி வரும் விநோதத்தை ஒருமுறை நேரில் பார்த்தவர், அடுத்த முறை பட்டியலை அப்படியே ஒட்டமாட்டார். ஒட்டினாலும் பயந்துகொண்டே ஒட்டுவார்.

8. மதிப்பெண் போடுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மாணவரிடம் கட்டுரையோடு சேர்த்து ஒரு பக்கத் தேடல் குறிப்பும் வாங்குங்கள். நான்கு கட்டம்: என்ன தட்டினேன், எங்கே, என்ன கிடைத்தது, அடுத்து எதை மாற்றினேன். நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

'தர்மபுரி தண்ணீர்' – கூகுள் – தட்டுப்பாடு பற்றிய செய்திகள் மட்டும் – சொல் பொதுவாக இருக்கிறது, ஃபுளூரைடு சேர்க்கிறேன்.
'தருமபுரி ஃபுளூரைடு நிலத்தடி நீர்' – கூகுள் – இரண்டு செய்திகள், எண் இல்லை – ஆங்கிலத்தில் தேடி, பிடிஎஃப் மட்டும் கேட்கிறேன்.
அதே சொற்கள் ஆங்கிலத்தில் – சோத்கங்கா – ஓர் ஆய்வேடு, அட்டவணை இருக்கிறது – ஆண்டு பழையது, 2013-க்குப் பிந்தையது வேண்டும்.

கடைசிக் கட்டம்தான் உயிர். முதல் மூன்றையும் பக்கத்துப் பெஞ்சிலிருந்து பார்த்து எழுதிவிடலாம், நான்காவதை எழுத யோசித்திருக்க வேண்டும்.

பத்து மதிப்பெண் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: தேடல் குறிப்புக்கு 4, எடுத்த மூன்று ஆதாரங்களுக்கும் 'ஏன் இது' என்று இரண்டிரண்டு வரி நியாயம் சொல்வதற்கு 3, எடுத்த இடத்தைச் சரியாகக் காட்டுவதற்கு 2, விடைக்கு 1. "விடைக்கு ஒண்ணே ஒண்ணா?" என்று துறைத்தலைவர் புருவம் உயர்த்துவார். விடையை அளக்கத்தான் பருவத் தேர்வு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் என்ன தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, கேள்வியோடு சேர்த்து மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். தேடல் குறிப்புக்கு: ஒரே தேடல் என்றால் 1. பல தேடல், ஆனால் மாற்றியதற்குக் காரணம் இல்லை என்றால் 2. காரணத்தோடு சொற்களை மாற்றினால் 3. சொல்லோடு தேடும் இடத்தையும் காரணத்தோடு மாற்றினால் 4. அமெரிக்கக் கல்லூரி, பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009-இல் வெளியிட்ட நான்கு நிலை அளவுகோல் இதற்கு நல்ல முன்மாதிரி. அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அது முழுப் பட்டப்படிப்பையும் மனத்தில் வைத்து எழுதியது.

இருவர் திருத்துவதாக இருந்தால், முதலில் ஒரே ஐந்து தாள்களை இருவரும் தனித்தனியாகத் திருத்துங்கள். ஒரு தாளுக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் விவரணை தெளிவாக இல்லை என்று பொருள், திருத்தி எழுதிவிட்டு மீதியைத் தொடருங்கள். அறுபது பேர் வகுப்பில் பத்துப் பேரையாவது சீட்டுக் குலுக்கி எடுத்து மூன்று நிமிட வைவா வையுங்கள். "இந்த மூணாவது ஆதாரத்த மறுபடி எடுத்துக் காட்டும்மா" என்று போனைக் கொடுத்தால் போதும். சொந்தமாகத் தேடியவர் அரை நிமிடத்தில் எடுப்பார்.

பருவ முடிவில் வேறொரு போலி ஃபார்வர்டைக் கொடுத்து, முதல் நாள் கேட்ட அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது குவியல் வளர்ந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். 'இப்போது உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?' என்ற பின்னூட்டக் கேள்வியை அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாகக் கற்றுக்கொண்டவர் முன்பைவிடக் குறைவாகக்கூட டிக் போடுவார். தனக்கு என்ன தெரியாது என்று இப்போதுதான் தெரிந்திருக்கும். கூகுள் ஃபார்ம் கேட்டால் அதையும் நடத்திக் கோப்பில் வையுங்கள், பாடத்தின், பட்டப்படிப்பின் இலக்குகளை மாணவர் எட்டினாரா என்று காட்டும் சிஓ–பிஓ அட்டைன்மென்ட் கணக்குக்கு மட்டும் தேடல் குறிப்பின் மதிப்பெண்களைக் கொடுங்கள். அங்கே எண்தான் கேட்பார்கள், பொருளுள்ள எண்ணைக் கொடுப்பதில் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

9. அடுத்த பருவத்துக்குக் கேள்விகள்

ஒரே கேள்வியை இரண்டு முறை கொடுத்தால் போன வருட ரெக்கார்டு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். கைவசம் ஒரு கேள்விக் கிடங்கு வேண்டும்.

தமிழ்த் துறைக்கு: அதியமான் நெடுமான் அஞ்சி வாழ்ந்தார் என்பதற்குப் பாடல்களுக்கு வெளியே என்ன சான்று? ஜம்பைக் கல்வெட்டு வரை போய், அதைப் படித்தவர்கள் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். வணிகவியலுக்கு: கிருஷ்ணகிரி மாம்பழ விளைச்சல் பற்றி இரண்டு செய்திகள் இரண்டு எண் தந்தால், அவை பரப்பைச் சொல்கின்றனவா, உற்பத்தியையா, கூழ் ஏற்றுமதியையா? அரசியல் அறிவியலுக்கு: சுப்பிரமணிய சிவா 1925-இல் பாப்பாரப்பட்டியில் இறந்த செய்தியைப் பழைய இதழ்களில் தேடுவதென்றால் எந்த மாவட்டப் பெயரில் தேடுவீர்கள்?

வரலாற்றுத் துறைக்கு, சுலபம் போலத் தோன்றும் ஒன்று: 1878-இல் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி எந்த மாவட்டத்துக்காரர்? வகுப்பில் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று பதிலும் வரும், மூன்றுக்கும் ஆதாரமும் கொண்டுவருவார்கள். பிறந்தபோது சேலம், 1972-இல் மறைந்தபோது அவ்வூர் தர்மபுரியில், இப்போது கிருஷ்ணகிரியில். எந்தப் பதில் எழுதினாலும் அந்த 1 மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, மீதி 9-க்குத் தேடல் குறிப்பையும் ஆதாரங்களையும் புரட்டுங்கள்.